காது கேளாமையோடு வேறு குறைபாடும் உள்ள குழந்தைக்குக் காக்ளியர் இம்பிளான்ட்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உள்காதுக்குள் ஆபரேஷன் செய்து வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் என்ற கேட்கும் கருவியைப் பெற்ற குழந்தைகளுக்கு மேப்பிங் (கருவியின் மின்னளவைக் குழந்தைக்கு ஏற்றபடி அமைப்பது) செய்வதும், அவர்களுடைய பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவதும்தான் என் அன்றாட வேலை. காது கேளாமை மட்டும் உள்ள குழந்தையின் பெற்றோருக்குப் படிக்க நிறைய இருக்கிறது. கூடவே செரிப்ரல் பால்சியோ (மூளை பாதிப்பால் உடலசைவு தடைபடுவது) ஆட்டிசமோ பார்வைக் குறைவோ உள்ள குழந்தையின் அம்மா அப்பா அதையெல்லாம் படித்துவிட்டு, "இது எங்கள் பிள்ளைக்கும் பொருந்துமா?" என்று வந்து நிற்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொல்லிவந்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் குழந்தையை நேரில் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவரிடம் என்ன கேட்பது என்று யோசிக்க இது உதவினால் போதும்.

கூடுதல் குறைபாடு என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்? எங்கள் குழந்தைக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லவே இல்லை. காது கேளாத பத்துக் குழந்தைகளில் மூன்று, நான்கு பேருக்கு வேறொரு பிரச்சினையும் சேர்ந்தே இருக்கிறது. வளர்ச்சித் தாமதம், அறிவுத்திறன் குறைபாடு, செரிப்ரல் பால்சி, ஆட்டிசம், பார்வைக் குறைவு, வலிப்பு எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

பெரும்பாலும் காதைப் பாதித்த அதே காரணம்தான் மற்றதையும் தொட்டிருக்கும். கர்ப்பத்தில் தொற்றும் சி.எம்.வி. என்ற வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். மரபணு சாராத பிறவிக் காது கேளாமைக்கு முதல் காரணம் அதுதான். அதே வைரஸ் மூளை வளர்ச்சியையும் கண்ணையும் பாதிக்கும். பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை கட்டுக்கடங்காமல் ஏறினால் செவி நரம்பும், உடலசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியும் ஒன்றாக அடிவாங்கும். குறைமாதப் பிரசவம், மூளையுறைக் காய்ச்சல், ருபெல்லா ஆகியவையும் இப்படித்தான். மரபணு வழியில் வருபவற்றில் டவுன் சிண்ட்ரோம், கண், காது, இதயம் எனப் பல உறுப்புகளைப் பிறவியிலேயே பாதிக்கும் சார்ஜ் சிண்ட்ரோம், காதோடு பார்வையையும் பாதிக்கும் அஷர் சிண்ட்ரோம் ஆகியவற்றைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

காரணம் என்ன என்று ஏன் தேட வேண்டும் எனச் சிலர் கேட்பார்கள். நடந்ததை மாற்ற முடியாதுதான். ஆனால் அடுத்து கண்ணைப் பார்க்க வேண்டுமா, இதயத்தைப் பார்க்க வேண்டுமா என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இம்பிளான்ட் வைக்க மாட்டார்கள் என்று சொன்னார்களே?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1990-ல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இம்பிளான்ட்டை அனுமதித்தது. 2000-ல் அந்த வயது 12 மாதமாகவும், 2020-ல் ஒரு கருவிக்கு 9 மாதமாகவும் இறங்கியது. தொடக்க ஆண்டுகளில் கருவி புதிது, விலை அதிகம், பலன் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பேச்சு வர அதிக வாய்ப்புள்ள குழந்தைகளாகப் பொறுக்கி எடுத்தார்கள். வேறு குறைபாடு உள்ளவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அப்புறம் நிலைமை இரண்டு வழியில் மாறியது. ஒன்று, ஒரு வயதிலேயே இம்பிளான்ட் வைக்கத் தொடங்கியதால் ஆட்டிசம் போன்றவை ஆபரேஷனுக்குப் பிறகே தெரியவந்தன. அந்தக் குழந்தைகளும் ஏதோ ஒரு வகையில் பலன் பெறுவதை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு, "பேச்சு வந்ததா?" என்ற ஒற்றைக் கேள்வியை வைத்தே பலனை அளப்பது சரியில்லை என்று புரிந்தது. இன்றைக்குக் கூடுதல் குறைபாடு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தையை ஒதுக்குவதில்லை. இன்னமும் அப்படிச் சொல்கிற இடம் இருந்தால் இன்னொரு குழுவிடம் கருத்துக் கேளுங்கள்.

கருவி உண்மையில் என்ன செய்கிறது?

ஹியரிங் எய்ட் ஒலியைப் பெரிதாக்கும். இம்பிளான்ட்டோ, உள்காதில் ஒலியை உணர வேண்டிய, பழுதான முடிச் செல்களைத் தாண்டி, செவி நரம்புக்கு நேராக மின்துடிப்பு அனுப்பும். வெளியே மைக்கும், ஒலியை மின் குறியீடாக மாற்றும் புராசஸரும், அதை உள்ளே அனுப்ப, காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் காயில் (coil) என்ற பாகமும் இருக்கும். தோலுக்கு அடியில் ரிசீவர் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய எலக்ட்ரோடு கம்பி நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் போகும். கம்பெனியைப் பொறுத்து அதில் 12 முதல் 22 எலக்ட்ரோடுகள் இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கருவியின் வேலை நரம்போடு முடிந்துவிடுகிறது. வந்த ஒலிக்கு அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியது மூளை.

எங்கள் குழந்தை பேசுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. முதல் நாளே "பேசும்" என்றோ "பேசாது" என்றோ யாராவது அடித்துச் சொன்னால் அவரைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

காது கேளாமை மட்டும் உள்ள குழந்தைகளின் சராசரியோடு ஒப்பிட்டால், கூடுதல் குறைபாடு உள்ளவர்களின் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கும். சிலருக்குப் பேச்சு வராது. ஆனால் "கூடுதல் குறைபாடு" என்பது ஒரே மூட்டையில் கட்டக்கூடிய சரக்கு இல்லையே. பார்வை மட்டும் குறைந்த குழந்தையும், கால் மட்டும் இழுத்துக்கொள்ளும் குழந்தையும் நல்ல பேச்சை எட்டுவதுண்டு. பேச்சு எந்த அளவுக்கு வரும் என்பதை அதிகம் தீர்மானிப்பது, பேச்சில்லாமலே குழந்தை காட்டும் அறிவுத்திறன்தான். புதிர் பொருத்துவது, பொருளைத் தேடி எடுப்பது, பார்த்ததைச் செய்துகாட்டுவது போன்றவை. எந்த வயதில் கருவி வைத்தோம், தினமும் எத்தனை மணி நேரம் போடுகிறோம் என்பவையும் சேரும்.

அதோடு, பேசுவது வேறு, புரிந்துகொள்வது வேறு. நாக்கையும் உதட்டையும் மூச்சையும் ஒருங்கிணைக்க முடியாத செரிப்ரல் பால்சிக் குழந்தைக்கு ஒலி தெளிவாகக் கேட்கலாம், சொன்னது புரியலாம். வாய் மட்டும் ஒத்துழைக்காது. அந்தக் குழந்தையைப் பேச்சை வைத்து அளந்தால் இம்பிளான்ட் தோற்றுவிட்டது என்று எழுதிவிடுவோம். "பந்து எங்கே?" என்றதும் அதன் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் வேறு கதை தெரியும்.

பேச்சே வராது என்றால் ஆபரேஷன் எதற்கு?

நியாயமான கேள்வி. கேட்டதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

பேச்சு வராத குழந்தைக்கும் ஒலி என்னென்ன செய்கிறது என்பதைப் பெற்றோர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். முன்பு யாராவது தொட்டால் தூக்கிவாரிப் போட்டு அழுத குழந்தை, இப்போது காலடிச் சத்தம் கேட்டதும் கையை நீட்டுகிறது. குளியலறையில் தண்ணீர் விழுகிற ஒலி கேட்டால் குளியல் என்று தெரிகிறது. ராத்திரி அழும்போது அறைக்கு வெளியிலிருந்து "இதோ வந்துட்டேன்" என்றாலே அழுகை தணிகிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, யார் எங்கே போகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க முடியாத குழந்தைக்கு அறையின் மறுபக்கத்தோடு இருக்கும் ஒரே தொடர்பு ஒலிதான். சில குழந்தைகள் தங்கள் குரலையே முதன்முறை கேட்டுவிட்டு, நாள் முழுக்க ஒரே ஓசையைத் திரும்பத் திரும்ப எழுப்பி ரசிப்பார்கள். வீட்டில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் தலைவலிதான்.

இதற்கெல்லாம் ஒரு ஆபரேஷன் தகுமா என்பதை உங்கள் குடும்பம்தான் எடைபோட முடியும். "தகும்" என்பதுதான் நான் பார்த்தவரை பெரும்பாலான பெற்றோர் சொன்ன பதில். எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை.

பெரா டெஸ்டில் கேட்கவில்லை என்று வந்திருக்கிறது. அதை நம்பி ஆபரேஷனுக்குப் போகலாமா?

ஒரே ஒரு பெராவை நம்பிப் போக வேண்டாம். இந்தக் குழந்தைகளிடம் அந்த டெஸ்ட் ஏமாற்றக்கூடியது. பெரா அளப்பது, ஒலி கேட்டதும் செவி நரம்பும் மூளைத்தண்டும் ஒரே தாளத்தில் துடிக்கின்றனவா என்பதைத்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நரம்புப் பாதை முதிர நாளாகலாம். ஆறு மாதத்தில் அலை வராத குழந்தைக்கு ஒரு வயதில் வருவதுண்டு. மஞ்சள் காமாலை கடுமையாக வந்த குழந்தைகளிடம் இன்னொரு சிக்கல் உண்டு. உள்காது வேலை செய்யும், உள்காதைச் சோதிக்கும் ஓ.ஏ.ஈ. டெஸ்டும் பாஸ் ஆகும், ஆனால் நரம்பின் தாளம் குலைந்திருக்கும். இதை ஆடிட்டரி நியூரோபதி என்கிறோம். இதில் பெராவில் ஒன்றுமே வராவிட்டாலும் குழந்தைக்கு ஓரளவு கேட்கலாம்.

ஆகவே டெஸ்டை இடைவெளி விட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். ஹியரிங் எய்ட் போட்டுச் சில மாதம் பார்க்க வேண்டும். கூடவே நடத்தையை வைத்துச் செய்யும் சோதனையும் தேவை. தலையைத் திருப்ப முடியாத குழந்தையிடம் "ஒலி வந்த பக்கம் திரும்பவில்லை, அதனால் கேட்கவில்லை" என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். திரும்பவே முடியாத குழந்தை எப்படித் திரும்பும்?

செவி நரம்பு இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். சார்ஜ் சிண்ட்ரோமில் அந்த நரம்பு மெலிந்தோ இல்லாமலோ இருக்கலாம். நரம்பே இல்லாவிட்டால் காக்ளியர் இம்பிளான்ட் பயன்படாது. மூளைத்தண்டிலேயே பொருத்தும் கருவி ஒன்று உண்டு என்றாலும் அது பெரிய ஆபரேஷன், பலனும் குறைவு. தனியாக நிறையப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

மற்ற பிரச்சினைகளைச் சரிசெய்துவிட்டு அப்புறம் காதைப் பார்க்கலாமா?

இதயக் கோளாறு, மூச்சுத் திணறல், அடங்காத வலிப்பு என்றால் ஆமாம், அதுதான் முதலில். "நடக்க ஆரம்பிக்கட்டும்", "ஆட்டிசமா இல்லையா என்று தெரியட்டும்" என்று தள்ளிப்போடுவதுதான் வேண்டாம். ஒலியைப் பகுத்தறிய மூளை கற்றுக்கொள்ளும் காலம் முதல் மூன்று, மூன்றரை ஆண்டுகள்தான் உச்சத்தில் இருக்கிறது. வேறு குறைபாடு இருக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்பதில்லை.

மூளையுறைக் காய்ச்சலால் காது போயிருந்தால் அவசரம் இன்னும் அதிகம். காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். சில வாரங்களிலேயே அது தொடங்கிவிடலாம், அப்புறம் எலக்ட்ரோடை நுழைக்க இடம் இருக்காது. ஹியரிங் எய்ட் போட்டுப் பார்க்கும் மாதங்களைக்கூட அங்கே விட்டுவிடுவார்கள்.

மயக்க மருந்து தாங்குமா?

ஆபரேஷன் பொதுவாக இரண்டு, மூன்று மணி நேரம். அதைவிட மயக்க மருந்து மருத்துவரோடு முன்கூட்டியே பேசுவதுதான் இந்தக் குழந்தைகளுக்கு முக்கியம். டவுன் சிண்ட்ரோம் என்றால் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்வாக இருக்கலாம். காது ஆபரேஷனில் தலையைத் திருப்பி வைப்பார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். சார்ஜ் சிண்ட்ரோமில் மூச்சுக்குழாய் சிக்கலாக இருக்கும், முக நரம்பும் வழக்கமான பாதையில் போகாமல் இருக்கலாம்.

பிறவியிலேயே முழுக்கக் காது கேளாத எந்தக் குழந்தைக்கும் மயக்கம் கொடுப்பதற்கு முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது. ஜெர்வெல் லாங்கே நீல்சன் என்ற அரிதான நோயில் காது கேளாமையோடு இதயத் துடிப்புக் கோளாறும் சேர்ந்தே வரும். வெளியே ஒன்றும் தெரியாது. அழும்போது மயங்கி விழுந்திருந்தால் அதை வலிப்பு என்று நினைத்திருப்பார்கள்.

நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு மூளையுறைக் காய்ச்சல் வரும் வாய்ப்பு சற்று அதிகம்.

தலையில் ஷன்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) இருக்கிறது. அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பிரச்சினையா?

பிரச்சினை ஆகாமல் திட்டமிடலாம், முன்பே சொன்னால். வெளியிலிருந்து காந்தத்தால் அழுத்தத்தை மாற்றும் வகை ஷன்ட் வால்வு இருந்தால், இம்பிளான்ட்டின் காந்தம் அதன் அளவைக் கலைத்துவிடக்கூடும். அதனால் மறுபக்கக் காதைத் தேர்ந்தெடுப்பார்கள், அல்லது காந்தத்துக்கு அசையாத வால்வாக மாற்றுவார்கள்.

இப்போது வரும் பல இம்பிளான்ட்டுகளில் காந்தத்தை எடுக்காமலே 3 டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) வரை எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். பழைய மாடல்களில் முடியாது. எதுவானாலும் காந்தம் இருக்கும் பக்கத்தில் மூளைப் படம் கறுப்பாக மறைந்துவிடும். குழந்தையின் பிரச்சினை மூளையின் எந்தப் பக்கம் என்பதை நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு, காது மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு பேரும் தாங்களாகவே பேசிக்கொள்வார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.

"கேட்கிறதா?" என்றால் பதில் சொல்லத் தெரியாத குழந்தைக்கு எப்படி மேப்பிங் செய்வீர்கள்?

மேப்பிங் என்பது ஒவ்வொரு எலக்ட்ரோடிலும் எவ்வளவு மின்னளவு கொடுத்தால் மெல்லக் கேட்கும், எவ்வளவு வரை போனால் வலிக்காமல் இருக்கும் என்று கண்டுபிடித்துப் பதிவு செய்வது. சாதாரணமாக ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை டப்பாவில் போடச் சொல்வோம்.

மூன்று வயதுப் பெண் ஒருத்தி. கழுத்து நிற்காது, கை அவள் சொன்னபடி கேட்காது. கட்டை விளையாட்டுக்கு வழியே இல்லை. அம்மா மடியில் சாய்ந்து விரல் சப்பிக்கொண்டிருக்கிறாள். நான் கணினியில் மின்னளவை ஒவ்வொரு படியாக ஏற்றுகிறேன். ஒன்றும் இல்லை. இன்னொரு படி. சப்புவது நின்றது. இரண்டு நொடி கழித்து மறுபடி சப்புகிறாள். ஒரு படி இறக்கினால் நிற்பதில்லை, ஏற்றினால் நிற்கிறது. மூன்று முறை அப்படியே நடந்ததும் எண்ணைக் குறித்துக்கொண்டேன். அன்று 40 நிமிடத்தில் நான்கு எலக்ட்ரோடுதான் முடிந்தது. அவளுக்கு அது போதும், மீதியை அடுத்த முறை பார்த்துக்கொண்டோம்.

குழந்தையின் உடல் இப்படி ஏதாவது ஒரு வழியில் பதில் சொல்லும். கண் விரியும், மூச்சு மாறும், கால் விரல் மடங்கும். உங்கள் குழந்தையின் வழி எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அதனால் மேப்பிங் அறையில் ஓரமாக உட்கார்ந்துவிடாதீர்கள்.

குழந்தை ஒத்துழைக்காமலே எடுக்கக்கூடிய அளவுகளும் உண்டு. செவி நரம்பு மின்துடிப்புக்குத் தரும் எதிர்வினையைக் கருவியே திருப்பி அனுப்பும். பலத்த ஒலிக்கு நடுக்காதின் சின்னத் தசை சுருங்குவதை வைத்து மேல் எல்லையைக் கணிக்கலாம். இவை நல்ல தொடக்கம் தரும். ஆனால் வெறும் எண்ணை நம்பி அளவை ஏற்றினால் சில குழந்தைகள் கருவியையே வெறுத்துவிடுவார்கள். அதனால் கீழிருந்து மெதுவாக ஏறுவதுதான் என் வழக்கம். அளவு ஏறும்போது கண்ணோரமோ உதடோ துடித்தால் உடனே சொல்லுங்கள். மின்சாரம் முக நரம்பைத் தொடுகிறது என்று பொருள், அந்த எலக்ட்ரோடைக் குறைக்கலாம் அல்லது அணைத்துவிடலாம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இம்பிளான்ட் வைத்தால் சத்தம் தொந்தரவாகிவிடாதா?

ஆகலாம். இந்தக் குழந்தைகளிடம் பலன் மிகவும் ஏறுக்குமாறாகத்தான் இருக்கிறது. ஒருவர் வாக்கியமாகப் பேசுவார், ஒருவர் பெயருக்குத் திரும்புவதோடு நிற்பார், ஒருவர் கருவியைத் தலையில் வைக்கவே விடமாட்டார். காது கேளாத குழந்தையிடம் ஆட்டிசத்தைக் கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது. பெயர் சொன்னால் திரும்பவில்லை, பேச்சு வரவில்லை என்ற அடையாளங்களெல்லாம் "காது கேட்கவில்லையே, அதனால்தான்" என்ற கணக்கில் போய்விடும். காது கேளாத குழந்தையும் கண்ணைப் பார்க்கும், விரல் நீட்டிக் காட்டும், பொய்யாகச் சமைத்து விளையாடும். இவை இல்லாவிட்டால் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் காயிலை எறிய மாட்டான். கழற்றி, ஒயரைச் சுருட்டி, அம்மா கையில் கொடுத்துவிடுவான். மிக்ஸி ஓடும்போது மட்டும். அவன் கருவியை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது எங்களுக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. திடீர்ப் பேரொலியை அமுக்கும் வசதியைப் புராசஸரில் கூட்டினோம், மேல் எல்லையைக் கொஞ்சம் இறக்கினோம். மிக்ஸி போடுவதற்கு முன் ஒரு படம் காட்டிச் சொல்லிவிடும்படி அம்மாவிடம் சொன்னோம். கழற்றுவது குறைந்தது. முழுக்க நிற்கவில்லை, நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

கழற்றி எறிந்துகொண்டே இருக்கிறாள். என்ன செய்வது?

முதலில் வலிக்கிறதா என்று பாருங்கள். காந்தம் ஒட்டும் இடத்தில் தோல் சிவந்திருந்தால் காந்தம் தேவைக்கு அதிகமாக இழுக்கிறது. பலம் குறைந்த காந்தம் மாற்றித் தருவார்கள். அப்புறம் ஒலி அளவு, அப்புறம் காதில் சீழ் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோப்பது சகஜம்.

இவை எதுவும் இல்லை, தலையில் ஏதோ ஒட்டியிருப்பதே பிடிக்கவில்லை என்றால், குழந்தைக்குப் பிடித்த ஒரு வேலையின்போது ஐந்து நிமிடம் போடுங்கள். அழுவதற்கு முன் நீங்களே கழற்றுங்கள். நாளைக்கு ஏழு நிமிடம். விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும் என்பதுதான் இலக்கு, ஆனால் அங்கே போய்ச் சேர இந்தக் குழந்தைகளுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டாள் என்பதைப் புராசஸரே பதிவு செய்துவிடும். அதைப் பார்த்து உங்களைக் கடிந்துகொள்ளும் நிபுணரிடம் இந்த ஐந்து நிமிடக் கதையைச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலியின் ஹெட்ரெஸ்டில் தலை சாயும்போதெல்லாம் காயில் கழன்றுவிடுகிறது.

கழல்வதோடு விடாது. ஹெட்ரெஸ்டின் இரும்புக் கம்பியில் போய் டக்கென்று ஒட்டிக்கொள்ளும், குழந்தை அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதற்கு மிக நல்ல தீர்வு ஆபரேஷனுக்கு முன்பே இருக்கிறது. குழந்தை எந்தப் பக்கம் தலை சாய்க்கும், ஹெட்ரெஸ்ட் எங்கே தொடும் என்று சர்ஜனுக்குக் காட்டுங்கள். முடிந்தால் நாற்காலியோடு அழைத்துப் போங்கள். ரிசீவரைச் சற்று மேலேயோ முன்னாலோ வைக்க இடமிருக்கிறதா என்று அவர் பார்ப்பார். ஆபரேஷன் முடிந்துவிட்டதா? ஹெட்ரெஸ்டில் அந்த இடத்தில் பள்ளம் வெட்டிக்கொள்ளலாம், மெல்லிய துணித் தொப்பியோ ஹெட்பேண்டோ போடலாம், புராசஸரைக் காதில் மாட்டாமல் சட்டைக் காலரில் கிளிப் போட்டு வைக்கலாம். எச்சில் அதிகம் வடியும் குழந்தைக்குக் காலரில் வைத்தால் நனையும், பின்பக்கம் வையுங்கள்.

பார்வையும் குறைவு. அப்போதும் வைக்கலாமா?

கட்டாயம் யோசிக்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக. அஷர் சிண்ட்ரோம் முதல் வகையில் குழந்தை முழுக்கக் காது கேளாமல் பிறக்கும், சமநிலை உணர்வும் இருக்காது, நடக்க 18 மாதத்துக்கு மேல் ஆகும். பார்வை பிறகுதான், முதல் பத்து வயதுக்குள் இருட்டில் தடுமாறுவதில் தொடங்கி, மெல்லக் குறையும். இன்று சைகையை நன்றாகப் பார்க்கிற குழந்தை நாளை பார்க்க முடியாமல் போகலாம் என்பதால் ஒலியின் வழியை இப்போதே திறந்துவைப்பது பெரிய உதவி. இரண்டு காதிலும் வைத்தால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஓரளவு தெரியும். பார்வையுள்ளவர்களைவிட இவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

பார்வை இல்லாத குழந்தையின் தலையில் எதையும் சொல்லாமல் ஒட்டாதீர்கள். முதலில் காயிலைக் கையில் கொடுத்துத் தடவ விடுங்கள், அப்புறம் காதுக்குப் பின்னால் விரலால் தொட்டுக் காட்டுங்கள், அதற்குப் பிறகு போடுங்கள். தினமும் அதே வரிசையில். ஒலி வந்ததும் அதை உண்டாக்கிய பொருளையும் தொடக் கொடுங்கள். கதவு தட்டும் ஒலி என்றால் கை கதவில் இருக்கட்டும்.

சைகை மொழி கற்றுக்கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்கிறார்களே?

இந்தக் குழந்தைகள் விஷயத்தில் அந்த அறிவுரையை நான் ஏற்பதில்லை. கருவி போட்ட முதல் நாளே மொழி வந்துவிடாது. அதுவரை குழந்தை பசியையும் வலியையும் எதை வைத்துச் சொல்லும்? சைகை, படங்கள், தொட்டுக் காட்டும் பொருட்கள், கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் திரை என்று எது கைகொடுக்கிறதோ அதெல்லாம் வேண்டும். பேச்சு வந்தால் தேவைப்படாதவை தானாக உதிர்ந்துவிடும். பேச்சு வராவிட்டால் குழந்தையின் கையில் ஏற்கனவே ஒரு மொழி இருக்கும். கருவி கழன்ற நேரத்திலும், பேட்டரி தீர்ந்த நேரத்திலும், தண்ணீரில் விளையாடும்போதும் அது வேண்டும்தானே.

பலன் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பக்கத்து வீட்டு இம்பிளான்ட் குழந்தையை வைத்து வேண்டாம். ஆபரேஷனுக்கு முன் உங்கள் குழந்தையின் ஒரு சாதாரண நாளை எழுதிவையுங்கள். எதற்கு அழுகிறது, எதற்குச் சிரிக்கிறது, எத்தனை முறை தானாக ஓசை எழுப்புகிறது என்று. போனில் வீடியோவும் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே நேரத்தில், அதே இடத்தில் இன்னொன்று. ஒரு முறை ஒரு அப்பா "ஒரு மாற்றமும் இல்லை" என்று சோர்ந்து வந்தார். இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டோம். முதலாவதில் கதவு தட்டும்போது பையன் அப்படியே இருக்கிறான். இரண்டாவதில் கதவு தட்டியதும் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிடுகிறது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது பிடிபடவில்லை.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் தவறா? வைத்த பிறகு போடாமல் விட்டால்?

இரண்டும் நடக்கிறது. குழந்தையின் ஆயுளே கேள்விக்குறியாக இருக்கும்போது, அல்லது ஏற்கனவே பல ஆபரேஷன்களைக் கடந்து குடும்பம் களைத்திருக்கும்போது, "இது வேண்டாம்" என்பதும் யோசித்து எடுத்த முடிவுதான். வைத்த பிறகு மருத்துவமனை வாசமே அதிகமாகி, ஒரு வருடம் கருவி அலமாரியில் கிடந்த குழந்தைகளும் உண்டு. திரும்பத் தொடங்கலாம். பழைய மேப்பில் நேராகப் போட்டுவிடாமல், ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறன் நிபுணர்) போய் மேப்பை இறக்கி அமைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கருவி பழுதானால் சொல்லத் தெரியாத குழந்தைக்கு எப்படிக் கண்டுபிடிப்பது?

நேற்றுவரை திரும்பிய பெயருக்கு இன்று திரும்பவில்லை, நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று பிடுங்குகிறது, எழுப்பிக்கொண்டிருந்த ஓசை நின்றுவிட்டது என்றால், பிடிவாதம் என்று நினைப்பதற்கு முன் கருவியைச் சந்தேகப்படுங்கள். தினமும் காலையில் பேட்டரியும் விளக்கும் பாருங்கள். மைக்கைச் சோதிக்கும் இயர்போன் சில மாடல்களுக்கு உண்டு, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒரு ஒயரும் காயிலும் வீட்டில் இருக்கட்டும். பெரும்பாலும் அறுந்துபோவது ஒயர்தான். வெளிப்பாகங்களை எல்லாம் மாற்றியும் சரியாகவில்லை என்றால் உள்ளே இருக்கும் பாகத்தைச் சோதிக்க வேண்டும்.

எதையும் வாயில் போடும் குழந்தை என்றால் பூட்டு வைத்த பேட்டரி மூடியாகக் கேளுங்கள். பொத்தான் பேட்டரி தொண்டையில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.